எடைச் சீட்டு

ஆகஸ்ட் மூன்றாம் தேதி முதல் படம் அனுப்பினேன்:
அடுப்புக்கு நேர் மேலே, சிலிங் பலகையில்
தேநீர் கொட்டிய மாதிரி ஒரு கறை.
ஒரு கட்டைவிரல் வந்தது.
பதினேழாம் தேதி, கறை ஒட்டகமாகிவிட்டது என்று எழுதினேன்.
இன்னொரு கட்டைவிரல்.
செப்டம்பரில் பலகையே குழம்புச் சட்டிக்குள் விழுந்தது.
அதற்கு மட்டும் எழுத்தில் பதில்:
"ஆள் தேடுறேன் தங்கச்சி. தீபாவளி கழியட்டும்."

வாடகை அனுப்பினால் அப்படியில்லை.
மாதம் முதல் தேதி, காலை எட்டு மணி.
ரசீதைப் படம் பிடித்துத் தட்டிவிட்டு
பசியாற உட்காருவதற்குள்
கைகூப்பி நிற்பார் திரு. தைரியநாதன்.

கோலக்கெட்டிலில் மழைக்கு முகவரி தெரியும்.
செம்பனைக் காட்டைத் தாண்டி, ஆலைப் புகையைத் தாண்டி
எங்கள் வரிசைக்கு வரும். ஐந்து வீடு, ஐந்தும் அவருடையவை;
நடுவீட்டுச் சமையலறைதான் அதற்குப் பிடித்த இடம்.
ஜன்னல் கம்பியில் குடையைச் செருகி
அதன் கீழ் தோசை சுட்டிருக்கிறேன்.
சொட்டுச் சத்தத்தில் படிக்க முடியவில்லை என்று
யுகேந்திரன் வாளிக்குள் பழைய துண்டு ஒன்றைப் போட்டுவைத்தான்.
அதன் பிறகு வீடு ஒழுகுவது
எங்களுக்கே கேட்பதில்லை.

நான் ஆலை எடைப்பாலத்தில் உட்காருகிறவள்.
லோரி ஏறும், எண் ஓடி நிற்கும், எழுதுவேன்.
குலைகளைக் கொட்டிவிட்டு வெறுமையாய்த் திரும்பும், அதையும் எழுதுவேன்.
ஈரக் குலைக்குக் கழிவு உண்டு.
மழையைப் பழமென்று ஆலை வாங்காது.
அந்தப் பழக்கத்தில்தான், வாளி நிறையும்போதெல்லாம்
காலண்டர் ஓரத்தில் ஒரு கோடு இழுத்தேன்.
பத்து லிட்டர், பத்துக் கிலோ.
அக்டோபர் பாதியில் ஐம்பத்தெட்டுக் கோடு.
அரை டன்னுக்கு மேல் வானம்
என் அடுப்படியில் இறங்கியிருக்கிறது,
சீட்டில்லாமல்.

போன வியாழன், மழைக்குள்
நீல லோரி ஒன்று பாலத்தில் ஏறியது.
கதவில் வெள்ளை எழுத்து: தைரியநாதன் டிரான்ஸ்போர்ட்.
குலைகளுக்கு மேல் படுதா இல்லை.
இவர் பழத்துக்கும் கூரையில்லையே என்று
முதலில் சிரிப்புத்தான் வந்தது.
டிரைவர் கண்ணாடியைப் பாதி இறக்கி
"அக்கா, சீக்கிரம்" என்றான்.

நியாயமாய்ப் பார்த்தால் கழிவு முப்பது கிலோ.
நாற்பது என்று போட்டேன்.
எங்கள் தராசு பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
கூடுதல் பத்து, ஒரு வாளி.
எட்டு வெள்ளி.
பதினொரு வருடத்தில் நான் எழுதிய முதல் பொய்.
பேனாவை மூடும்போது கை நடுங்கவில்லை,
அதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது.

இரவு அவரே கூப்பிட்டார்.
சீட்டில் என் கையெழுத்தைப் பார்த்திருக்க வேண்டும்.
"நாப்பது கிலோ எதுக்கும்மா கழிச்ச?"
"தண்ணி."
"அவ்வளவு தண்ணியா?"
குனிந்து வாளியிலிருந்து துண்டை எடுத்தேன்,
பிழியாமல் தரையில் போட்டேன்,
கைப்பேசியை விளிம்பருகே பிடித்தேன்.
டொக்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
டொக்.
நாங்கள் மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்,
அவர், நான், கணக்குப் புத்தகத்திலிருந்து தலைதூக்கிய யுகேந்திரன்.
"என்ன சத்தம் அது?"
"உங்க வீடு" என்றேன்.

நாளைக்கே ஆள் வரும் என்றார்.
வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை.
சனிக்கிழமை ஒருவர் வந்தார், அண்ணாந்து பார்த்தார்,
உச்சுக்கொட்டினார்,
ஏணி எடுத்துவரப் போனார்.

இன்று திங்கள். விடிந்ததிலிருந்து மழை.
பாலத்துக்கு முன்னால் ஏழு லோரி,
மூன்றாவது நீலம்.
புதுப் படுதா.
நான்கு மூலையும் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள்,
ஒரு சொட்டு உள்ளே போகாது.